போல்() சிஸ்டம் காலுக்கு எழுதிய ரேப்பரில் டைம்அவுட் முடிவதே இல்லை

நெய்தல் (கேள்வி):

வணக்கம். லினக்ஸில், சி மொழியில் ஒரு சிறிய கண்காணிப்பு நிரல் எழுதி வருகிறேன். சில சேய் புராசஸ்களைத் தொடங்கி, அவற்றின் வெளியீட்டைப் பைப் வழியாக வாசித்து லாக் கோப்பில் சேர்ப்பதே அதன் வேலை. தரவு வரும்வரை காத்திருக்க உதவும் போல்() (poll) என்ற சிஸ்டம் காலைப் பல இடங்களில் அழைக்க வேண்டியிருப்பதால், ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டரையும் (திறந்த கோப்பை அல்லது பைப்பைக் குறிக்கும் எண்) மில்லிசெகண்டில் டைம்அவுட்டையும் வாங்கிக்கொண்டு, தரவு வந்திருந்தால் 1, வராவிட்டால் 0 என்று திருப்பித் தரும் ரேப்பர் (அந்த அழைப்பைச் சுற்றி எழுதும் சிறு செயற்கூறு) ஒன்றை எழுதினேன்.

சேய் புராசஸ் முடியும்போது வரும் சிக்சைல்ட் (SIGCHLD) சிக்னலால் போல்() இடையிலேயே ஈஇன்டர் (EINTR, 'சிக்னல் குறுக்கிட்டது') பிழையுடன் திரும்பியது. சிக்னல் வந்தால் ஓடும் ஹேண்ட்லரைப் பதிவு செய்கையில், குறுக்கிடப்பட்ட அழைப்பை மீண்டும் தொடங்கச் சொல்லும் எஸ்ஏ_ரீஸ்டார்ட் (SA_RESTART) கொடியைக் கொடுத்திருந்தும் இது ஏன் நடக்கிறது என்பது விளங்கவில்லை. எனவே அந்தப் பிழை வந்தால் அதே டைம்அவுட்டுடன் மீண்டும் அழைக்கும்படி லூப் அமைத்தேன். இப்போது, ஒவ்வொரு செகண்டும் சிக்னல் அனுப்பும் டைமர் ஓடிக்கொண்டிருக்கும்போது 5000 மில்லிசெகண்ட் காத்திருப்பு முடிவதே இல்லை. இது தவிர, சேய் முடிந்து பைப் மூடப்பட்டதும் சிபியு கோர் ஒன்று முழுவதுமாக இதிலேயே ஓடுகிறது. எங்கே தவறுகிறது?

கல்தச்சன்:

எஸ்ஏ_ரீஸ்டார்ட் எல்லா சிஸ்டம் காலுக்கும் பொருந்தாது. லினக்ஸில் போல்(), அதைப் போலவே காத்திருக்க உதவும் செலக்ட்(), ஈபோல்_வெயிட்() ஆகியவை சிக்னல் ஹேண்ட்லர் ஓடி முடிந்தபின் ஒருபோதும் தாமாக மீண்டும் தொடங்குவதில்லை. ஆகவே லூப் வேண்டியதுதான். ஆனால் அதே டைம்அவுட்டை மறுபடி கொடுப்பதால், ஒவ்வொரு சிக்னலுக்குப் பிறகும் கர்னல் 5000 மில்லிசெகண்டை முதலிலிருந்து எண்ணத் தொடங்குகிறது; செகண்டுக்கு ஒரு சிக்னல் வரும்வரை அந்த எண்ணிக்கை எப்படி முடியும்?

ரேப்பருக்குள் நுழைந்தவுடன் கடிகாரத்தைப் பார்த்துக் கெடு நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் கெடுவுக்கு மீதமுள்ள நேரத்தை மட்டும் போல்()-இடம் கொடுக்க வேண்டும். கடிகாரம், தேதி மாற்றத்தால் பாதிக்கப்படாத கிளாக்_மோனோடோனிக் (CLOCK_MONOTONIC) ஆக இருக்கட்டும். சுவர்க்கடிகார நேரத்தை எடுத்தால், யாராவது தேதியை மாற்றினாலே காத்திருப்பு நீளும் அல்லது குறையும்.

இதில் பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. கெடு கடந்த பிறகு கழித்துப் பார்த்தால் மீதம் எதிர்ம எண்ணாகிவிடும். எதிர்ம டைம்அவுட் என்றால் லினக்ஸில் 'முடிவில்லாமல் காத்திரு' என்று பொருள். 3 மில்லிசெகண்ட் தாமதமான நிரல், எப்போதும் எழாத நிரலாகிவிடும். எனவே மீதம் 0-க்குக் கீழே போனால் அதை 0 ஆக்கிவிட்டு, கடைசியாக ஒருமுறை போல்() அழைத்துப் பாருங்கள். நேனோசெகண்டை மில்லிசெகண்டாக மாற்றும்போதும் மேல்நோக்கி முழுமையாக்குங்கள். அரை மில்லிசெகண்ட் மீதம் 0 ஆகிவிட்டால், கெடுவுக்கு முன்பே டைம்அவுட் என்று சொல்லிவிடுவீர்கள்.

தாழ்வாரம்:

சிபியு விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் போல்இன் (POLLIN, 'வாசிக்கத் தரவு உண்டு') கொடியை மட்டும் கேட்டிருந்தாலும், மறுமுனை மூடப்பட்டால் போல்ஹப் (POLLHUP) என்ற கொடி கேட்காமலேயே வரும். போல்எர் (POLLERR, பிழை), போல்என்வால் (POLLNVAL) ஆகியவையும் அப்படியே. உங்கள் ரேப்பர் போல்இன்னை மட்டும் சோதித்து 0 என்கிறது, அழைத்த பகுதி 'இன்னும் தரவு வரவில்லை' என்று மீண்டும் அழைக்கிறது, போல்() உடனே போல்ஹப் என்று திரும்புகிறது. இது நிற்காமல் சுழல்கிறது.

அதற்காகப் போல்ஹப் பார்த்தவுடன் டிஸ்கிரிப்டரை மூடிவிடாதீர்கள். சேய் இறப்பதற்கு முன் எழுதிய கடைசி வரிகள் பைப்பில் இன்னும் இருக்கலாம், அவைதான் பெரும்பாலும் நமக்குத் தேவையான பிழைச்செய்தியாக இருக்கும். போல்இன், போல்ஹப், போல்எர் மூன்றில் எது வந்தாலும் 'போய் வாசி' என்று சொல்லிவிட்டு, ரீட்() 0 தரும்போது மூடுவதே சரி. போல்என்வால் மட்டும் வேறு. அது திறக்கப்படாத டிஸ்கிரிப்டரைக் கொடுத்ததற்கான அடையாளம், அதாவது நிரலின் குறை.

பைப்பை எஃப்டிஓப்பன்() மூலம் திறந்து எஃப்கெட்ஸ்() கொண்டு வாசிக்கிறீர்களா? அப்படியானால் அதையும் விட்டுவிடுங்கள். ஒரே நேரத்தில் மூன்று வரிகள் வந்தால், எஃப்கெட்ஸ்() மூன்றையும் தன் பஃபரில் இழுத்துக்கொண்டு ஒன்றை மட்டும் தரும். போல்() கர்னலைத்தான் பார்க்கிறது, அங்கே இப்போது எதுவும் இல்லை, அதனால் மீதி இரண்டு வரிகளும் பஃபரிலேயே கிடக்கும்.

கல்தச்சன் சொன்ன லூப்பில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. ஈஇன்டர் பிழையை ரேப்பர் எப்போதும் விழுங்கிவிடக் கூடாது. பயனர் கன்ட்ரோல்-சி அழுத்தினால், ஹேண்ட்லர் ஒரு கொடியை ஏற்றிவிட்டுத் திரும்பும். ரேப்பரோ அதைக் கவனிக்காமல் மறுபடி தூங்கப் போய்விடும். பைத்தான் 3.5-இல் பெப் 475 (PEP, பைத்தானின் மேம்பாட்டு முன்மொழிவு) வழியாக இதே தானியங்கி மறுமுயற்சி வந்தபோது, ஹேண்ட்லர் எக்ஸெப்ஷன் எழுப்பினால் காத்திருப்பைக் கைவிட்டு வெளியேறும் வழியும் சேர்ந்தே வந்தது. சி-யில் அந்த வசதி இல்லை. 'தயார்', 'நேரம் முடிந்தது', 'குறுக்கிடப்பட்டது', 'பிழை' என்று நான்கு விடைகளைத் தனித்தனியாகத் திருப்பித் தரும் ரேப்பரே எனக்கு நேர்மையானதாகப் படுகிறது.

கல்தச்சன்:

ஏற்கிறேன். ஆனால் அதுவும் போதாது: கொடியைச் சோதித்ததற்கும் போல்()-க்குள் நுழைவதற்கும் இடையில் சிக்னல் வந்துவிட்டால் அது தவறிப்போகும். அந்த இடைவெளியை அடைக்கத்தான், சிக்னல் தடையை மாற்றுவதையும் காத்திருப்பதையும் ஒரே படியில் செய்யும் பிபோல்() (ppoll) இருக்கிறது. லினக்ஸ் மட்டும் போதும் என்றால், சிக்னல்எஃப்டி (signalfd), டைமர்எஃப்டி (timerfd) இரண்டையும் எடுத்துக்கொண்டு, சிக்னலையும் டைமரையும் மற்றொரு டிஸ்கிரிப்டராகவே போல்()-இடம் கொடுத்துவிடலாம். அதற்குச் சிக்சைல்டை முதலில் தடுத்து வைக்க வேண்டும். அந்தத் தடை எக்ஸெக் (exec, புராசஸில் புதிய நிரலை ஏற்றும் அழைப்பு) தாண்டியும் சேய்க்குப் போகும் என்பதால், சேயில் எக்ஸெக் செய்வதற்கு முன் அதை நீக்கிவிடுங்கள்.

நெய்தல்:

இருவருக்கும் நன்றி. எஃப்கெட்ஸ்()-தான் பயன்படுத்தியிருந்தேன், ரீட்()-க்கு மாற்றிவிட்டேன், நான்கு விடைகள் தரும்படியும் ரேப்பரைத் திருத்தியாயிற்று. டிஸ்க் மெதுவாக இருக்கும்போது நிரல் நின்றுவிடாதபடி, லாக் கோப்பில் எழுதுவதற்கும் இதே ரேப்பரைப் பயன்படுத்தலாமா?

தாழ்வாரம்:

பயனில்லை. டிஸ்கிலுள்ள சாதாரணக் கோப்பு எப்போதும் தயார் என்றே போல்() சொல்லும். ஈபோலில் சேர்க்க முயன்றால் ஈபெர்ம் (EPERM, 'அனுமதி இல்லை') பிழையே வரும். எழுதுவதை மட்டும் தனி த்ரெட்டுக்குத் தள்ளிவிடுங்கள்.