1917 லூகர் கைத்துப்பாக்கி, எல்லா பாகத்து எண்ணும் பொருந்துகிறது: சுடலாமா, அப்படியே வைக்கலாமா?

கேள்வி:
டி.டபிள்யூ.எம். என்ற ஜெர்மன் நிறுவனம் தயாரித்த பி08 (லூகரின் ராணுவ மாதிரி), 9 மி.மீ., சேம்பர் (தோட்டா அமரும் அறை) மேல் 1917. சட்டம் (ஃபிரேம்), குழல், சிறு பாகங்கள், அடியில் மரம் வைத்த மேகசின் (தோட்டாப் பெட்டி) எல்லாம் ஒரே எண். டிரிகரில் வைக்கோல் நிறம் மங்காமல் இருக்கிறது. குழலின் உள்ளே சுத்தம். வருடத்துக்கு 50 தோட்டா சுட்டால் கெடுமா? இப்போது தோல் உறையிலேயே இருக்கிறது.

பதில் 1:
முதலில் இன்றைக்கே உறையிலிருந்து எடுங்கள். பதனிட்ட தோல் ஈரத்தை இழுத்து வைக்கும், அதிலுள்ள அமிலம் இரும்பில் துருப்புள்ளி போடும்.

சுடுவது வேண்டாம் என்பேன். குழல் தேய்வது பற்றிய பயம் இல்லை; ஒரு பாகம் உடைய ஒரே ஒரு தோட்டா போதும் என்பதுதான் சிக்கல். பிரீச் பிளாக் (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் கட்டை) மேல் உள்ள எக்ஸ்ட்ராக்டரை (வெற்றுக் கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி) பாருங்கள். தோட்டா ஏறியதும் அது மேலே எழும்பி, பக்கவாட்டில் 'கெலாடன்' (ஜெர்மனில் 'தோட்டா ஏறியிருக்கிறது') என்ற எழுத்தைக் காட்டும். அந்த மெல்லிய துண்டிலும் உங்கள் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் இருக்கிறது. அது முறிந்தால் வேறொன்று கிடைக்கும், அந்த எண்ணோடு கிடைக்காது. சேகரிப்போரிடம் உள்ள மதிப்பில் பெரிய பங்கு அதோடு போய்விடும்.

பதில் 2:
சுட்டே ஆகவேண்டுமென்றால் எக்ஸ்ட்ராக்டர், ஃபயரிங் பின் (தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசி), அதன் ஸ்பிரிங், கைப்பிடிப் பலகை, மேகசின் இவற்றுக்கு எண் பொருந்தாத மாற்றுப் பாகங்கள் வாங்கிப் போடுங்கள். அசல்களை எண்ணெய் தடவி, பெயர்ச்சீட்டுடன் தனியே வையுங்கள். ஆனால் டாகிள் (மேலே முட்டி போல மடங்கும் இணைப்பு), பிரீச் பிளாக் அசல்தான் வேலை செய்யும், அந்த ஆபத்து தீராது. இடதுபக்கப் பலகையைக் கழற்றும்போது கவனம்: சேஃப்டி லீவர் ஓரத்தில்தான் மரம் சில்லு பெயரும்.

கேட்டவர்:
எந்தத் தோட்டா?

பதில் 2:
124 கிரெயின் எடை, முழு உலோக உறை, சாதாரண அழுத்தம். 'ப்ளஸ் பி' (அழுத்தம் கூடிய தோட்டா) கூடவே கூடாது. வீரியம் குறைந்த தோட்டாவில் டாகிள் முழுதாகப் பின்வாங்காமல் சிக்கும். உடனே வீரியம் கூடியதற்கு மாறுவார்கள். பாகம் உடைவது அங்கேதான். சேம்பரில் கையால் ஒரு தோட்டாவைப் போட்டு டாகிளை அறைந்து மூடாதீர்கள், எக்ஸ்ட்ராக்டர் விளிம்பில் தாவி ஏற வேண்டியிருக்கும்.

பதில் 3:
கழற்றுமுன் மேகசினை எடுத்து, டாகிளை இழுத்து, சேம்பரைக் கண்ணால் பாருங்கள். லூகரில் சியர் (ஃபயரிங் பின்னைப் பிடித்து வைக்கும் பாகம்) குழலோடு சேர்ந்த மேல்பகுதியின் பக்கவாட்டில் இருப்பதால், சட்டத்திலிருந்து பிரித்த பிறகும் உள்ளே தோட்டா இருந்தால் அதை அழுத்தினாலே வெடிக்கும்.

பாதுகாப்புக்கு: நைட்ரைல் கையுறை, மெல்லிய எண்ணெய்ப்படலம் அல்லது மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு, ஈரப்பதம் 40-50%. மரத்தில் எண்ணெய் படக்கூடாது. வைக்கோல் நிறம் வெறும் ஆக்சைடு படலம்தான். பாலிஷ், ஸ்டீல் ஊல், துருநீக்கி எது பட்டாலும் போய்விடும்.

சுடும் ஆசைக்கு எண் பொருந்தாத, மறுபூச்சு போட்ட பி08 ஒன்றைத் தனியே வாங்குங்கள். கையில் அதே சாய்வு, அதே டாகிள்.

கேட்டவர்:
உறையிலிருந்து எடுத்துவிட்டேன். பின்பக்கம் இரண்டு துருப்புள்ளி தெரிகிறது.

பதில் 3:
சுரண்டாதீர்கள். புள்ளிகளில் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவிட்டு, பருத்தித் துணியால் அழுத்தாமல் துடையுங்கள். எஞ்சியது அப்படியே இருக்கட்டும்.