எஞ்சின் வேலையா, புது வண்டியா? 9 லட்சம் கி.மீ. ஓடிய டிரெய்லர் வண்டிக்கு யோசனை தேவை

சங்ககிரி நாலுவண்டி:
வணக்கம். என்னிடம் நான்கு டிரெய்லர் வண்டிகள், தூத்துக்குடி – பெங்களூரு கன்டெய்னர் ஓட்டம். அதில் ஒன்று 2018 மாடல், பி.எஸ்.4 (பழைய புகைக் கட்டுப்பாட்டு தரம்). தவணை எப்போதோ முடிந்துவிட்டது. லிட்டருக்கு 3.6 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது 3.0-இல் வந்து நிற்கிறது. 500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கிறது. முழு எஞ்சின் வேலைக்குப் பட்டறையில் மூன்றரை லட்சம் கேட்கிறார்கள். தரகர், பழைய எஞ்சின் ஒன்றைப் பாதி விலையில் மாட்டித் தருவதாகச் சொல்கிறார். ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியதிலிருந்து, புது வண்டி எடுக்கச் சொல்லி மைத்துனர் நச்சரிக்கிறார். மூன்று பேர் பேச்சையும் கேட்டுத் தூக்கம் போனதுதான் மிச்சம்.

கணக்குநோட்டு:
மாதம் 8,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். மைலேஜ் குறைந்ததால் 445 லிட்டர் கூடுதலாக எரிகிறது. டீசல் 92 ரூபாய் என்றால் ஏறக்குறைய 41,000 ரூபாய். புது வண்டிக்கு 36 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 5 ஆண்டு என்றால் மாதத் தவணை 76,000-ஐத் தாண்டும். டீசல் மிச்சம் அதில் பாதியைத்தான் அடைக்கும். எஞ்சின் வேலையோ, பழைய மைலேஜ் திரும்பினால், ஒன்பது மாதத்தில் போட்ட பணத்தை எடுத்துவிடும்.

ஆனால் ஒரு கேள்வி: போன ஆண்டில் வண்டி எத்தனை நாள் நின்றது? கியர்பாக்ஸ், பின் அச்சின் கிரௌன் பல்சக்கரம், சேஸிஸ் விரிசல் என்று எஞ்சினுக்கு வெளியேயும் செலவு வந்திருந்தால் என் கணக்கைக் கிழித்துப் போடுங்கள். எட்டு ஆண்டு தாண்டினால் எஃப்.சி. (தகுதிச் சான்று) ஆண்டுதோறும் எடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய நிறுவனங்கள் பலவும் அந்தக் கட்டத்துக்கு முன்பே விற்றுவிடுகின்றன. வடக்கே போகாததால் பிழைத்தீர்கள். டெல்லிக்குள் வெளிமாநில பி.எஸ்.4 சரக்கு வண்டிகளுக்கு 2026 அக்டோபர் 31 வரைதான் கெடு.

சங்ககிரி நாலுவண்டி:
நோட்டைப் புரட்டினேன் அண்ணா. பதினொரு நாள் நின்றிருக்கிறது. அதில் எட்டு நாள் எஞ்சினால். கியர்பாக்ஸ் போன ஆண்டுதான் செய்தது.

பட்டறை மூத்தவன்:
தம்பி, கணக்கு இருக்கட்டும். ஆயில் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்காமலே மூன்றரை லட்சம் சொன்னவரிடம் வண்டியை விடாதீர்கள். தொப்பூர் கணவாய் இறங்கி முடித்து ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஒரு வீச்சு நீலப்புகை வருகிறதா? அப்படியானால் வால்வு சீல் மீது சந்தேகம். ஏறும்போதும் விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங், லைனர் (பிஸ்டன் ஓடும் உருளையின் உள்ளுறை) மீது சந்தேகம். எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால், காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவையும் சோதிக்க வேண்டும். வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா என்றும் பாருங்கள். கடைசியாக, ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள்.

தரகர் எஞ்சின் வேண்டவே வேண்டாம். அது எவ்வளவு ஓடியது என்று அவருக்கே தெரியாது. ஆர்.சி.யில் எஞ்சின் எண்ணை மாற்றாமல் ஓட்டினால் எஃப்.சி.யிலும் மாட்டும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் மாட்டும்.

சங்ககிரி நாலுவண்டி:
ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். பழைய வேட்டித் துணியால் துடைத்தேன். செம்மண்ணில் புரட்டி எடுத்ததுபோல் வந்தது. கிளாம்புக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், குழாய் விரல் நீளத்துக்குக் கிழிந்திருக்கிறது. ஃபில்டரைத் தவறாமல் மாற்றியும், அதைத் தாண்டித் தூசி உள்ளே போய் லைனரைத் தின்றிருக்கிறது. டர்போ நன்றாக இருந்தது. கிராங்கை அளந்து பார்த்தார்கள், தேய்மானம் இல்லை. லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் மட்டும் மாற்றி 2,40,000 ரூபாயில் முடிந்தது. இப்போது 3.5 கொடுக்கிறது.

பட்டறை மூத்தவன்:
குழாயை மாற்றினீர்களா, ஒட்டினீர்களா?

சங்ககிரி நாலுவண்டி:
புதிது போட்டேன் அண்ணா. மற்ற மூன்று வண்டிகளையும் அதே துணியோடு சுற்றி வந்தேன். ஒன்றில் விரிசல் தொடங்கியிருந்தது, உடனே மாற்றிவிட்டேன். மைத்துனர் இன்னும் ஷோரூம் விலைப்பட்டியலை அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறார்.