நிவாரணத்துக்குள் சமாதானப் பணியைச் சேர்க்கலாமா? சுனாமிப் பொதுக்கட்டமைப்பை முன்வைத்து ஒரு விவாதம்

கரைவலை எழுதியது:

மனிதாபிமான உதவி, அபிவிருத்தி, சமாதானம் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று இணைத்தே திட்டமிட வேண்டும் என்று உதவி வழங்கும் நாடுகள் 2019இல் பரிந்துரைத்தன. புதிய சிந்தனை என்று கொண்டாடப்படும் இதை இலங்கையின் கிழக்குக் கரை 2005ஆம் ஆண்டிலேயே முயன்று பார்த்துவிட்டது. அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் அந்த ஆண்டு ஜூன் 24ஆம் திகதி கைச்சாத்திட்ட, சுனாமிக்குப் பிந்திய மீள்கட்டுமானத்தைக் கூட்டாக நிர்வகிப்பதற்கான பொதுக்கட்டமைப்பு உடன்படிக்கையின்படி, வடக்குக் கிழக்கின் ஆறு கரையோர மாவட்டங்களில், கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் வரையான நிலப்பரப்பின் மீள்கட்டுமானத்தைத் விடுதலைப் புலிகள், முஸ்லிம்கள், அரசாங்கம் ஆகிய முத்தரப்பின் பிரதிநிதிகளும் ஒரே குழுவில் அமர்ந்து தீர்மானித்திருக்க வேண்டும். துப்பாக்கி ஏந்திய இரு தரப்புகளும் வீடு, வீதி, பாடசாலை பற்றி மாதந்தோறும் பேசும் நிலை உருவாகியிருந்தால், 2006இல் போர் மீண்டும் மூண்டபோது அதைத் தடுக்கச் சில கைகளாவது இருந்திருக்கும். ஆகவே, போர் நடந்த நாட்டில் சமாதானத்தை ஒதுக்கிவைத்து வழங்கப்படும் உதவி அரைகுறையானது என்பதே என் நிலைப்பாடு.

வன்னிவேம்பு எழுதியது:

பொதுக்கட்டமைப்பு என்ன ஆனது என்பதை நண்பர் கரைவலை சொல்லாமல் விட்டுவிட்டார். கைச்சாத்தாவதற்கு முன்பே, அதை எதிர்த்து, கூட்டணிக் கட்சியான மக்கள் விடுதலை முன்னணி அரசாங்கத்திலிருந்து வெளியேறியது. கைச்சாத்தாகி மூன்று வாரங்களில், பிராந்திய நிதியம், புலிகளின் நிர்வாக மையமான கிளிநொச்சியில் அமையவிருந்த அலுவலகம் உள்ளிட்ட முக்கிய பகுதிகளுக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆழிப்பேரலை அடித்து அப்போது ஆறு மாதங்களுக்கும் மேல் கடந்திருந்தன. அந்த மாதங்களில் கூடாரங்களில் கிடந்த மக்களுக்குத் தேவைப்பட்டது கூரையும் படகும் வலையுமே. ஆனால் அவர்களுக்கான நிதி, யார் யாரை அங்கீகரிப்பது என்ற அரசியல் கேள்வியோடு முடிச்சுப் போடப்பட்டதால், அந்தக் கேள்வி தோற்றபோது நிதியும் சேர்ந்து முடங்கியது.

இது முதல் தடவையும் அல்ல. 2003 ஜூனில் டோக்கியோ மாநாட்டில் வாக்களிக்கப்பட்ட 450 கோடி டொலர் உதவி, சமாதானப் பேச்சின் முன்னேற்றத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. பேச்சு முன்னேறவில்லை, வன்னிக் கிராமங்கள் அந்த நிபந்தனைக்கான விலையைக் கொடுத்தன. பசித்தவருக்கு அவர் பசித்திருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் உணவு கொடுக்கப்பட வேண்டும். அந்த உணவின் வழியாக வேறொன்றையும் சாதிக்க முனையும் நாளிலிருந்து, ஆயுதம் ஏந்திய ஒவ்வொரு தரப்பும் உதவிப் பணியாளரைச் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கும். 2006 ஆகஸ்ட் மாதம் மூதூரில் 17 உள்ளூர்ப் பணியாளர்கள் தங்கள் நிறுவன வளாகத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்ட நாட்டில், நடுநிலைமையை இலேசாகப் பேச முடியாது.

கரைவலை எழுதியது:

மூதூரில் கொல்லப்பட்டவர்கள் நீர் வழங்கலும் சுகாதாரமும் சார்ந்த பணியில் இருந்தவர்கள். எந்தச் சமாதானத் திட்டத்தையும் அவர்கள் சுமந்திருக்கவில்லை. நடுநிலைமையை முழுமையாகக் காத்தவர்களையும் அது காப்பாற்றவில்லை என்பதற்கு அந்தப் படுகொலையே சான்றாக இருக்கும்போது, அதை எனக்கு எதிராக எடுத்துக்காட்டுவது பொருந்தாது. அதே ஆழிப்பேரலை தாக்கிய இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில், அந்நாட்டு அரசும் அதை எதிர்த்துப் போராடிய சுதந்திர ஆச்சே இயக்கமும் 2005 ஆகஸ்ட் 15ஆம் திகதி ஹெல்சிங்கியில் உடன்படிக்கை செய்தன. மீள்கட்டுமான ஆணையத்தின் எல்லா மட்டங்களிலும் இயக்கத்தின் பிரதிநிதிகள் பங்கேற்கலாம் என்பது அந்த உடன்படிக்கையின் ஒரு பிரிவு. இணைப்பு அங்கே பலன் தந்தது.

வன்னிவேம்பு எழுதியது:

ஆச்சேயில் நடந்தவற்றின் வரிசையைப் பாருங்கள். பேச்சுக்கான தொடர்புகள் சுனாமிக்கு முன்பே தொடங்கியிருந்தன. தன்னாட்சி, தேர்தல், ஆயுதக் கையளிப்பு ஆகியவை பற்றி அரசியல் உடன்பாடு எட்டப்பட்டது. அந்த உடன்பாட்டின் ஒரு பகுதியாகவே மீள்கட்டுமானத்தில் பங்கு கிடைத்தது. இங்கே நாம் அரசியல் உடன்பாடு இல்லாத இடத்தில், நிவாரணத்தைக் கொண்டே அதை வரவழைக்க முயன்றோம். அரசியல்வாதிகள் செய்யத் தவறியதை அரிசி மூட்டையால் செய்துவிட முடியாது.

கல்முனைக்குடியான் எழுதியது:

இருவரும் இரண்டு கையொப்பங்களைச் சுற்றியே பேசுகிறீர்கள். நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது எங்கள் அம்பாறை மாவட்டம். அங்கே இறந்தவர்களில் முஸ்லிம்கள் பெருந்தொகையினர். பொதுக்கட்டமைப்பின் பிராந்தியக் குழுவில் பத்து இடங்களில் மூன்று எங்களுக்கு என்று எழுதப்பட்டிருந்தது. ஆனால் உடன்படிக்கையில் கையொப்பமிடும் தரப்பாக எங்களை எவரும் அழைக்கவில்லை. ஆயுதம் வைத்திருந்தவர்களை மட்டும் தரப்புகளாக ஏற்றுக்கொண்டு, ஆயுதம் இல்லாத சமூகத்துக்கு ஆசனம் ஒதுக்கிக் கொடுக்கும் ஏற்பாட்டைச் சமாதானப் பணி என்று கரைவலை அழைப்பது எனக்கு வலிக்கிறது.

அதற்காக வன்னிவேம்பின் பக்கமும் என்னால் சாய முடியவில்லை. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி நிதியில் 500 வீடுகள் கட்டப்பட்டன. அவற்றில் அரசியல் நிபந்தனை எதுவும் இருக்கவில்லை. வீடு இழந்தவர்களுக்கு வீடு என்பது மட்டுமே நோக்கம். ஆனால் அந்தக் காணி யாருக்கு உரியது, எந்தச் சமூகத்தவர் அங்கே குடியேறுவார்கள் என்ற அச்சங்களை அயலவர்களோடு முன்கூட்டியே பேசித் தீர்க்காததால், விவகாரம் நீதிமன்றம் சென்று, கட்டி முடித்த வீடுகள் ஆண்டுக்கணக்கில் ஆளின்றிக் காடு மண்டின. நடுநிலையோடு கட்டினோம் என்று சொல்லிக்கொண்டே ஒரு மாவட்டத்தின் இனப் பகையைக் கூட்டிவிடலாம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை. பயனாளிகளின் பட்டியலை வெளிப்படையாக ஒட்டுவது, பிரதேச செயலகத்தில் மூன்று சமூகத்தவரையும் உட்காரவைத்துக் காணியைத் தெரிவுசெய்வது, ஒரு ஊருக்குக் கிணறு வெட்டினால் அடுத்த ஊர் என்ன நினைக்கும் என்று முன்பே விசாரிப்பது ஆகிய இந்தச் சிறிய வேலைகளே எங்களுக்குச் சமாதானப் பணி. கிளிநொச்சியும் கொழும்பும் உடன்படும்வரை இவை காத்திருக்க வேண்டியதில்லை.

வன்னிவேம்பு எழுதியது:

நுரைச்சோலை பற்றிச் சொன்னது உண்மை. வீடமைப்பில் இந்தக் கவனம் கட்டாயம் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் வாரங்களின் உணவுக்கும் மருந்துக்கும் எந்தக் குழுவின் அனுமதியும் தேவைப்படக் கூடாது.

கரைவலை எழுதியது:

அப்படியானால் முதல் வாரங்கள் எப்போது முடிகின்றன என்று யார் தீர்மானிப்பது? 2008 செப்டெம்பரில் உதவி நிறுவனங்களை வன்னியிலிருந்து வெளியேறுமாறு அரசாங்கம் பணித்தபோது, செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு உள்ளேயே தங்கியது. இடம்பெயர்ந்தவர்களுக்கு அந்த அவசர காலம் மாதக்கணக்கில் நீண்டது. எல்லையை எங்கே வரைவீர்கள்?

கல்முனைக்குடியான் எழுதியது:

காணியில் வரைய வேண்டும் என்பேன். சமைத்த உணவுக்கும் தடுப்பூசிக்கும் இனப் பங்கீடு பார்க்க வேண்டியதில்லை. தேவை ஒன்றே அளவுகோல். ஆனால் ஒரு குடும்பத்தை முகாமிலிருந்து நிரந்தர இடத்துக்கு மாற்றுவதற்காகக் காணி அளக்கத் தொடங்கும் நாளிலிருந்து, எங்கள் மாவட்டத்தில் ஒவ்வொரு முடிவும் அரசியல் முடிவுதான். சுனாமிக்குப் பின் தெற்கில் 100 மீட்டர், வடக்குக் கிழக்கில் 200 மீட்டர் என்று கரையோரத்தில் கட்டுமானத் தடை வலயம் அறிவித்தார்கள். மருதமுனை, சாய்ந்தமருது போன்ற நெருக்கமான ஊர்களுக்குக் கிழக்கே கடல், மேற்கே வயல். கரையிலிருந்து எழுப்பப்பட்ட மக்கள் எங்கே போவார்கள் என்று எவரும் கேட்காமலேயே அந்த அளவு கொழும்பில் முடிவானது. அளவு நாடா விரியும் முன், சுற்றியிருக்கும் எல்லா ஊர்களும் பேசி முடித்திருக்க வேண்டும். அந்தப் பேச்சுக்கான காலத்தையும் செலவையும் வீடமைப்புத் திட்டத்தின் வரவுசெலவிலேயே நன்கொடையாளர் ஒதுக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.