மறு: மூங்கில் தரைக்குச் சொல் – வெள்ளிக்குள்ள வேணும்

குழுவுக்கு வணக்கம். ஒரு அவசரம். வீட்டுக்கு மரத்தரை போடலாமா மூங்கில் தரை போடலாமா, எது எத்தனை வருஷம் உழைக்கும்னு வாங்கப் போறவங்க தெரிஞ்சுக்க ஒரு கையேடு, 24 பக்கம், தமிழ்ப்படுத்திக்கிட்டு இருக்கேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அச்சுக்குப் போகுது. மத்ததெல்லாம் ஓடிருச்சு, சில சொல்லுல வண்டி நிக்குது.

ஃப்ளோரிங்குக்கு 'தரைத்தளம்'னு போட்டிருந்தேன், படிச்ச என் தம்பி கீழ் வீடு முழுக்க மூங்கில்ல கட்டுனதான்னு கேட்டான். 'தரைவிரிப்பு'ன்னா கார்ப்பெட் ஆயிடுது. மேல நிஜ மரமும் கீழ ப்ளையும் வெச்சு ஒட்டுன எஞ்சினியர்டு உட்டுக்கு 'பொறியியல் மரம்'னு ஒரு பழைய கோப்புல இருக்கு, அதைப் படிச்சா யாருக்கு என்ன புரியும். எல்லாத்தையும் விட ஸ்ட்ராண்ட் வோவன் பேம்பூ தான் படுத்துது. மூங்கிலை நார் நாரா நெரிச்சு, பிசின்ல முக்கி, சூடும் பெரிய அழுத்தமும் குடுத்துக் கட்டியாக்கி அதுலருந்து பலகை அறுக்குறாங்க. பேர்லதான் நெசவு இருக்கு, வேலையில நெசவே இல்ல. 'நெய்த மூங்கில்'னு போட்டா பாய் மாதிரி முடைஞ்சதுன்னு நினைச்சுருவாங்க. வாங்குறவங்க லட்சக்கணக்குல குடுத்து வாங்குற பொருள், பேரு தப்பா இருந்தா அவங்க தப்பான பொருளை வாங்கிருவாங்க, அதான் பயமா இருக்கு.

அன்புடன்,
கோவையிலிருந்து

---

அம்மா, நல்ல இடத்துல கை வெச்சிருக்கீங்க. ஆனா சொல்லுக்கு முன்னால பொருளைச் சரி பண்ணிக்குவோம். மூங்கிலை 'மரத்தரை'ங்குற தலைப்புக்குக் கீழ வைக்காதீங்க. தொல்காப்பிய மரபியல் தெளிவா சொல்லுது:

புறக்கா ழனவே புல்லென மொழிப
அகக்கா ழனவே மரமென மொழிப

வெளிப்புறம் கெட்டியா இருந்தா புல், உள்ள கெட்டியா இருந்தா மரம். தேக்கைக் குறுக்க அறுத்தா நடுவுல கருத்த வைரம், ஓரத்துல வெளுத்த சாற்றுக்கட்டை. மூங்கிலைப் பொளந்தா தோலோரம்தான் கெட்டி, உள்ள போகப்போக மெத்து, நடுவுல வெறுங்கூடு. இன்னைக்குத் தாவரவியலும் மூங்கிலைப் புல் குடும்பத்துலதான் வெச்சிருக்கு. நம்ம நாட்டு வனச்சட்டம்தான் 1927லருந்து மூங்கிலை மரம்னு சேத்து வெச்சிருந்து 2017ல தான் அதை எடுத்தாங்க.

ஆக ஹார்ட்னெஸ்ஸுக்குச் சொல் தேட வேண்டியதே இல்ல, காழ் இருக்கு. காழ், காழ்மை, காழ்ப்பு, காழ்த்தல். 'கைகொல்லும் காழ்த்த இடத்து'ன்னு குறள் 879 முள்மரம் முத்துறதைச் சொல்ற வினையே இதான். 'கடினம்' வடசொல், அதைத் தூக்கிட்டு 'காழ்மை'ன்னு போடுங்க, ரெண்டு வருஷத்துல பழகிரும்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியன்

---

> 'காழ்மை'ன்னு போடுங்க, ரெண்டு வருஷத்துல பழகிரும்

ஐயா மன்னிக்கணும், இன்னைக்கு காழ்ப்புன்னா ஜனங்களுக்குப் பொறாமை, வெறுப்பு. 'இந்தப் பலகையின் காழ்ப்பு அதிகம்'னு கையேட்டுல படிச்சா என்ன நினைப்பாங்க? நான் பாலிடெக்னிக்ல சிவில் எடுக்குறேன். பசங்க பள்ளிக்கூடப் புத்தகத்துலயே 'கடினத்தன்மை' படிச்சுட்டுதான் வர்றாங்க. அது எங்கருந்து வந்ததோ, இப்ப வீட்டுக்குள்ள வந்தாச்சு.

அம்மாவுக்கு ஒண்ணு சொல்லணும், கையேட்டுல ஜான்கா எண் வருமே, அதை விளக்காம எண்ணை மட்டும் போடாதீங்க. 11.28 மி.மீ. விட்டமுள்ள இரும்புக் குண்டை மரத்துல பாதி புதையுற வரைக்கும் அழுத்துவாங்க, அதுக்கு எவ்வளவு விசை தேவைப்பட்டுதோ அதான் எண். ஏன் அந்த விசித்திரமான 11.28னா, பாதி புதைஞ்ச குண்டோட வட்டப் பரப்பு சரியா ஒரு சதுர சென்டிமீட்டர் வரும். தேக்கு ஏறக்குறைய 1,070 பவுண்டு விசை, செவ்வோக் (ரெட் ஓக்) 1,290, நீங்க சொல்ற நெரிச்சு அழுத்துன மூங்கில் 3,000ஐத் தாண்டும். இதைப் பாத்ததும் வாங்குறவர் மூங்கில் தேக்கைவிட மூணு மடங்கு காலம் வரும்னு கணக்குப் போடுவாரு. அது தப்பு. அந்த எண் நாற்காலிக் கால் பதியுமா, பாத்திரம் விழுந்தா குழி விழுமாங்குறதைத்தான் சொல்லும். தேக்கு எண்ணுல கம்மிதான், ஆனா அதோட எண்ணெய்ப் பசைக்குக் கரையான் சுலபமா கிட்ட வராது, ஈரத்துல சீக்கிரம் அழுகாது. அதனால கடினம் வேற, உழைப்பு வேற, ரெண்டுக்கும் ரெண்டு சொல் கண்டிப்பா வேணும். உங்க முதல் மடல்லயே 'எத்தனை வருஷம் உழைக்கும்'னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதையே வெச்சுக்கங்க, 'நீடித்துழைக்கும் தன்மை'.

இன்னொண்ணு, ஹார்ட்வுட்டை 'வன்மரம்'னு பெயர்த்திருந்தா பக்கத்துல ஒரு வரி விளக்கம் குடுங்க. அது மர வகைக்குப் பேரு, கெட்டியைச் சொல்ற பேரு இல்ல. பால்சாங்குற மரமும் அந்த வகையிலதான் வருது, நகத்தால கீறலாம், அவ்வளவு மெத்து.

திருச்சி

---

வணக்கம். எங்க அப்பா தச்சர், நானும் பட்டறையிலதான் இருக்கேன், குழுவுல படிக்கிறதோட சரி, எழுதுறது குறைவு. காரைக்குடிப் பக்கம் பழைய வீடுங்கள்ல மாடிக்குப் பலகை போட்டிருப்பாங்க, அதுக்குப் பேரு மச்சு. மச்சுப் பலகைன்னு சொன்னா இன்னைக்கும் வயசானவங்களுக்குப் புரியும். ஆனா மச்சுன்னா மேல்மாடிதான், கீழ சிமெண்ட் மேல போடுறதுக்கு ஒத்து வராது, அதையும் நானே சொல்லிடுறேன்.

கல்லு பாவுறோம், டைல்ஸ் பாவுறோம். பலகையையும் பாவுன தரைன்னு சொன்னா என்ன? 'மரம் பாவிய தரை', 'மூங்கில் பாவிய தரை'. பலகைய மட்டும் சொல்லணும்னா பாவுபலகை.

ஓரத்துல ஒண்ணோட ஒண்ணு கோக்குற இடத்துக்கு என்ன போட்டிருக்கீங்க தெரியல. எங்க பட்டறையில நாக்கு, காடி. இந்தப் பலகையில நாக்கு, அந்தப் பலகையில காடி, அவ்வளவுதான். 'நாவுப்பள்ளப் பொருத்தம்' மாதிரி ஏதாவது போட்டுறாதீங்க, பலகை போட வர்ற பையன் முழிப்பான்.

எஞ்சினியர்டு சமாச்சாரத்தை நாங்க அறுத்துப் பாத்திருக்கோம். மேல நிஜ மரம் ரெண்டு மில்லியிலருந்து ஆறு மில்லி வரைக்கும், கீழ குறுக்கும் நெடுக்குமா அடுக்குன ப்ளை. குறுக்க போடுறதாலதான் மழைக்கும் வெயிலுக்கும் கோணாம இருக்கு. அடுக்குப்பலகைன்னா போதும். மேல் மரம் நாலு மில்லி இருந்தா ஒண்ணு ரெண்டு தடவ தேச்சு பாலிஷ் போடலாம். லேமினேட்ல மேல இருக்குறது மரத்தோட போட்டோ, அதைத் தேச்சா போட்டோ போயிரும். இந்த வித்தியாசம் பேர்லயே தெரியணும்னு எனக்கு ஆசை. போன வருஷம் ஒரு வீட்டுக்காரர் மரம்னு நம்பி லேமினேட்டுக்குக் காசு குடுத்துட்டு எங்கிட்ட தேய்க்கச் சொல்லி வந்து நின்னாரு, அவருக்கு நான் என்ன பதில் சொல்றது.

---

தச்சர் தம்பி, 'பாவு' அருமை. ஆனா 'பாவுபலகை'யா 'பாவுப்பலகை'யா? வினைத்தொகைன்னா ஒற்று மிகாது. பாவுங்குறதைப் பெயரா எடுத்தா மிகும். நெசவுல பாவும் ஊடையும்னு சொல்றோமே, அங்க பாவு பெயர்தானே, நீளவாக்குல பரப்பி வெச்ச இழை. பரவு, பாவு, பாய் எல்லாம் ஒரே குடும்பம்னு நான் நினைக்கிறேன். பாய் விரிக்கிறோம், பாவு பரப்புறோம், கல்லு பாவுறோம். செய்யுளுக்குப் 'பா'ன்னு பேரு வந்ததும் பரந்துபட்டு ஓசை நடக்குறதாலதான்னு உரைகாரங்க சொல்லுவாங்க. அப்படிப் பாத்தா அம்மா தேடுற நெசவு 'பாவு'ங்குற சொல்லுக்குள்ளயே இருக்கு! விவிலிய மொழிபெயர்ப்புல 'தளவரிசைப்படுத்தின மேடை'ன்னு வரும், கல் பாவின மேடை. தளவரிசையும் நல்ல சொல், அதையும் பரிசீலிக்கலாம்.

லேமினேட்டைப் பொறுத்தவரை, லகரம் சொல்லுக்கு முதல்ல வராது, 'இலேமினேட்டு'ன்னாவது எழுதுங்க.

மதுரை

---

> 'இலேமினேட்டு'ன்னாவது எழுதுங்க

ஐயா, கடைக்குப் போயி இலேமினேட்டு கேட்டா குடுக்க மாட்டாங்க. 'படமொட்டுப் பலகை'ன்னு வெச்சு பக்கத்துல லேமினேட்னு போட்டா தச்சர் சொன்ன கவலையும் தீரும்.

திருச்சி

---

வணக்கம், நான் டொராண்டோவில இருந்து எழுதுறன். இஞ்ச எங்கட ஆக்கள் வீடு வாங்கேக்க முதல் கேக்கிறதே கீழ ஹார்ட்வுட்டோ கார்ப்பெட்டோ எண்டுதான். நாங்கள் தரை எண்டு பெரிசா சொல்லுறேல்ல, நிலம் எண்டுதான் சொல்லுவம், நிலத்தைக் கூட்டு, நிலத்தைத் துடை எண்டு. அம்மா வீட்டில மரத்தைப் 'பலகை நிலம்' எண்டுதான் சொல்லுறவ.

நான் சொல்ல வந்தது வேற. பனிக்காலத்தில ஹீட்டர் ஓட ஓட வீட்டுக் காத்து காஞ்சு போகும், பலகையள் சுருங்கி நடுவில காசு விழுற அளவுக்கு நீக்கல் வரும், கோடையில தானா மூடும். ஊரில இருந்து வந்த மாமி பலகை வெடிச்சிட்டுது எண்டு பயந்து போனா. சுவரோரத்தில எண்டால் வேணுமெண்டே பத்துப் பன்னிரண்டு மில்லி விட்டுத்தான் போடுறது, இல்லாட்டி விரியேக்க இடமில்லாமல் நடுவில கூடாரம் மாதிரி எழும்பும். அந்த இடைவெளிக்கு என்ன சொல் வச்சிருக்கிறியள்? எங்களுக்கு 'நீக்கல்'. பல்லு நீக்கல் எண்டு சொல்லுறமே, அதுதான்.

மதுரை ஐயா சொன்ன புறக்காழ் பற்றியும் ஒரு வசனம். பனையும் அப்பிடித்தானே. வெளிப்பக்கம்தான் வைரம், உள்ளுக்க சோத்தி. யாழ்ப்பாணத்தில எங்கட பழைய வீட்டுக் கூரை முழுக்கப் பனை வைரம்தான், ஆணி இறங்காது. அதைப் புல்லு எண்டு சொன்னால் எங்கட அப்பப்பா எழும்பி வந்து சண்டை பிடிப்பார்.

---

'நீக்கல்' கிடைச்சதுக்கு டொராண்டோ அண்ணனுக்கு நன்றி. 'விரிவாக்க இடைவெளி'ன்னு போட்டிருந்தேன், அழிச்சுட்டு 'சுவரோர நீக்கல்'னு மாத்திட்டேன். பலகையைப் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு நாள் அந்த அறையிலயே பிரிச்சு வைக்கச் சொல்ற பகுதிக்கும் 'பழகவிடுதல்'னு வெச்சுட்டேன், யாரும் சண்டைக்கு வராதீங்க.

மூங்கில் மட்டும் நிக்குது. என் பட்டியல்ல இப்ப நெரிமூங்கில், செறிமூங்கில், நார்க்கட்டை மூணு இருக்கு. நேரம் ஓடுது.

கோவை

---

நெரிமூங்கில் வேண்டாங்க. நெரிஞ்சு போச்சுன்னா எங்க பக்கம் விரிசல் விட்டதுன்னு அர்த்தம். காசு குடுத்து யாரும் நெரிஞ்சதை வாங்க மாட்டாங்க. நார்க்கட்டைன்னா என்ன பொருள்னு பட்டறையில கேட்டேன், நாலு பேர்ல மூணு பேரு நாரை அமுக்கிக் கட்டையாக்கினதுன்னு சரியா சொன்னாங்க. 'மூங்கில் நார்க்கட்டை'. என் ஓட்டு அதுக்கு.

காரைக்குடி

---

செறிமூங்கில்தான் அழகு. வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும், ரெண்டே எழுத்து முன்னொட்டு. புல்லைக் கட்டைன்னு சொல்றதை என்னால ஏத்துக்க முடியல. பெயர்லயே பொருளோட இனத்தை மாத்துறோம்.

மதுரை

---

ஐயா, செறிமூங்கில்னா எனக்கு அடர்ந்த மூங்கில் காடுதான் கண்ணுல வருது. உங்களுக்கும் அதான் வரும், நீங்க படிச்ச பாட்டுல பாதி குறிஞ்சி.

இனத்தை மாத்துறோம்னு சொன்னீங்களே, அதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மூங்கில் ஏன் புல்? வெளிப்பக்கம் கெட்டி, உள்பக்கம் மெத்துன்னு. இந்தப் பலகைக்கு அதைச் சீவி நாராக்கி, தோலோரத்து நாரும் உள்நாரும் கலந்து, பிசினோட அழுத்திடுறாங்க. வெட்டிப் பாத்தா மேலயும் நடுவுலயும் ஒரே கெட்டி. புறக்காழ்ங்குற இலக்கணமே அதுல இல்ல. அகத்துலயும் காழ் வந்தாச்சு. நீங்க சொன்ன நூற்பாப்படியே அது இப்ப புல்லும் இல்ல மரமும் இல்ல. கட்டைன்னு சொல்றதுல அதனால எனக்குத் தப்புத் தெரியல.

அதோட ஒண்ணு, கையேட்டுல நிறத்தைப் பத்தி வரும். ஆவியில வேகவெச்சு பழுப்பாக்குன மூங்கில், சாதா மூங்கிலைவிடக் கொஞ்சம் மெத்தாயிரும். நிறம் பாத்து வாங்குறவங்களுக்கு இதைச் சொல்லியே ஆகணும். அதுக்கு 'கரியாக்கிய மூங்கில்'னு போட்டா எரிஞ்சு போனதுன்னு ஆயிடும், 'அவித்த மூங்கில்'னு போடுங்க.

திருச்சி

---

அவிச்சதுன்னதும் ஞாபகம் வருது. எங்க ஐயா மூங்கிலைத் தேய்பிறையிலதான் வெட்டணும்பாரு, வளர்பிறையில வெட்டினா உளுத்துப் போகும்னு. மூங்கில்ல இருக்கிற மாவுச்சத்துக்குத்தான் வண்டு வருது. வெட்டுனதைத் தண்ணியில ஊறப் போடுவாங்க, இப்ப வெங்காரம் போட்டு வேக வைக்கிறாங்க, ரெண்டும் வண்டுக்காகத்தான். கையேட்டுல பௌடர் போஸ்ட் பீட்டில்னு வந்தா 'உளுவண்டு'ன்னு போடுங்க, ஊருக்கே தெரியும்.

காரைக்குடி

---

எல்லாருக்கும் நன்றி. மணி நாலு ஆச்சு, இப்ப அனுப்புறேன். பாவிய தரை, பாவுபலகை (ஒற்று இல்லாம), அடுக்குப்பலகை, படமொட்டுப் பலகை, நாக்கு காடி, சுவரோர நீக்கல், பழகவிடுதல், அவித்த மூங்கில், உளுவண்டு, கடினத்தன்மை தனியா நீடித்துழைக்கும் தன்மை தனியா. ஜான்கா விளக்கம் பெட்டிச்செய்தியா போயிருக்கு. மூங்கில் நார்க்கட்டைக்கு அஞ்சுல மூணு ஓட்டு, என்னோடதையும் சேத்து. டொராண்டோ அண்ணன் ஓட்டுப் போடல.

கோவை

---

அம்மா, என் மறுப்பு பதிவா இருக்கட்டும். பெரும்பான்மை சொன்னதுக்காக புல் கட்டையாகாது. திருச்சித் தம்பி சொன்ன அகக்காழ் வாதம் என்னை ராத்திரி முழுக்கத் தூங்க விடல, அதுல ஏதோ இருக்கு, ஆனா பிசின் குடுத்த கெட்டி காழ் ஆகுமா? காழ் அந்த உயிர் தானா முத்தி வர்றது. அச்சுல எங்காவது ஒரு வரி இடம் இருந்தா 'மூங்கில் புல்லினம்'னு மட்டுமாவது போடுங்க.

மதுரை

---

ஐயா, 7ஆம் பக்கத்துல படத்துக்குக் கீழ இடம் இருந்தது, போட்டுட்டேன்.

கோவை