ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் விடச் சொல்கிறார் பெரியப்பா: வீட்டில் கிடைத்த ஏட்டுக் கட்டுகளை என்ன செய்வது?

பொருநைக்கரையான்:
எல்லாருக்கும் வணக்கம். சேரன்மகாதேவி பக்கம் எங்கள் ஊர். பழைய வீட்டைப் பிரித்துக் கட்டுகிறோம். மச்சில் கிடந்த தகரப் பெட்டிக்குள் நாலு ஓலைச்சுவடிக் கட்டுகள் இருந்தன. தாத்தாவின் தாத்தா நாட்டு வைத்தியர் என்று சொல்வார்கள், அவருடையதாக இருக்கலாம். இரண்டு கட்டுக்கு மேலும் கீழும் மரச்சட்டம் இருக்கிறது. ஒரு கட்டு மட்டும் ஓலைகள் ஒட்டிக்கொண்டு ஒரே பாளமாகிவிட்டது. எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை. சாய்த்துப் பிடித்தால் கீறல் மாதிரி ஏதோ தெரிகிறது.

பெரியப்பாவோ, "வாசிக்கத் தெரியாதவன் வீட்டில் ஏடு கிடந்தால் தோஷம், ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றில் விட்டுவிடு" என்கிறார். அவர் பேச்சை நான் தட்டியதில்லை. சித்தி நல்லெண்ணெய் தடவிப் பார்க்கச் சொல்கிறார். இதற்கிடையில் பழைய சாமான் வாங்குகிற ஒருவர் இரண்டு முறை வந்து விலை கேட்டுப் போனார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கூடல்வாசி:
விற்பது பற்றி மட்டும் சொல்கிறேன். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, இலக்கியம், வரலாறு, அறிவியல் என்று ஏதாவது ஒரு வகையில் மதிப்புள்ள கையெழுத்துச் சுவடி 75 வருஷம் பழையதாக இருந்தாலே அது தொல்பொருள். அந்த வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும். தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வந்தவரிடம் உரிமத்தைக் கேளுங்கள். மூன்றாவது முறை வரமாட்டார்.

ஏடெழுதி:
தம்பி, முதலில் அந்த நல்லெண்ணெயை அடுக்களைக்கே திருப்பி அனுப்புங்கள். நான் சுவடியியல் படித்துவிட்டு ஏடு பெயர்த்தெழுதும் வேலையில் இருக்கிறேன். சமையல் எண்ணெய் தடவிய ஓலை என்ன பாடுபடும் என்று பார்த்திருக்கிறேன். பிசுக்கு ஏறும், தூசி ஒட்டும், பின்னாலேயே பூஞ்சை வரும். வெயிலிலும் காயவைக்காதீர்கள். பாளமாக இருப்பதைக் கத்தியோ ஊசியோ விட்டுப் பிரிக்கவே கூடாது. மேல் ஓலையின் எழுத்து கீழ் ஓலையோடு உரிந்து வந்துவிடும். அதைப் பழகிய கைதான் பிரிக்கவேண்டும்.

எழுத்து தெரியவில்லை என்று பயப்படாதீர்கள். எழுத்தாணி ஓலையைக் கீறத்தான் செய்யும். கீறிய பிறகு மஞ்சள், கரி, கோவை இலைச்சாறு என்று தடவி அந்தக் கீறலுக்குள் கறுப்பு இறங்க விடுவார்கள். உங்கள் ஏட்டில் அந்தக் கறுப்புதான் போயிருக்கிறது, எழுத்து அப்படியே இருக்கிறது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை ஓலைக்கு ஒரு பக்கமாகத் தாழ்த்தி அடித்துப் படம் எடுங்கள். கீறலின் நிழலிலேயே பாதி வாசித்துவிடலாம்.

கயிறு இற்றுப்போயிருந்தாலும் வரிசையைக் கலைக்காதீர்கள். இடது ஓரத்தில் தமிழ் எண்ணில் ஏட்டெண் இருக்கும். அதுவும் மங்கியிருந்தால், இப்போது ஓலைகள் இருக்கிற வரிசை ஒன்றுதான் துணை. சட்டத்தில் வண்ணம் தீட்டியிருந்தால் துடைக்கவேண்டாம்.

இனி பெரியப்பா. அவர் சொல்வதை மூடநம்பிக்கை என்று தள்ளாதீர்கள், அதில் பாதி நல்ல வழக்கம். நம் ஊர் ஈரத்துக்கும் ராமபாணப் பூச்சிக்கும் நடுவில் ஒரு ஓலை இருநூறு, முந்நூறு வருஷம் தாங்கினாலே அதிகம். அதனால் பழைய ஏடு நையத் தொடங்கும்போது புது ஓலையில் பார்த்து எழுதிக்கொள்வார்கள். அப்புறம்தான் பழையதை மரியாதையாக ஆற்றில் விடுவார்கள். அச்சுப் புத்தகம் வந்ததும் பார்த்து எழுதுகிற வேலை நின்றுபோனது. ஆற்றில் விடுவது மட்டும் நிற்கவில்லை. படி எடுக்காமல் விடுவது முன்னோர் செய்த முறையே இல்லை என்று பெரியப்பாவிடம் சொல்லுங்கள். பெரியவர்கள் இதைக் கேட்பார்கள்.

உங்கள் ஜில்லாப் பக்கத்துக் கதையே ஒன்று உண்டு. உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போய்க் கேட்டபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிடவேண்டும் என்று ஆகமம் சொல்வதாகவும், அப்படியே செய்துவிட்டதாகவும் கோயில்காரர் பதில் சொன்னார். பக்தியோடுதான் எரித்தார்கள். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் நமக்குக் கிடைக்கவே இல்லை. புறநானூற்றில் 267, 268 ஆகிய இரண்டு பாட்டுகள் இல்லை. அவையெல்லாம் எந்த ஊர்ப் பரணில் செல்லரித்தனவோ, எந்த ஆற்றோடு போயினவோ.

உங்கள் கட்டில் சங்கப்பாட்டு இருக்கும் என்று ஆசை காட்டமாட்டேன். வைத்தியர் வீடு என்பதால் வாகடம் என்கிற மருத்துவ நூல், நாடி பார்க்கும் முறை, கொஞ்சம் மந்திரம், ஜோதிடம் இருக்கலாம். நடுவில் யாரோ கடன் வாங்கிய கணக்கு, வயல் ஒற்றி வைத்த ஓலை செருகியிருக்கும். நெல்லைப் பக்கம் என்றால் கோயில் கொடையில் பாடுகிற வில்லுப்பாட்டுக் கதை ஒன்றுகூட இருக்கலாம். இவற்றைச் சாதாரணம் என்று நினைத்துவிடாதீர்கள். கம்பராமாயணத்துக்கு ஊர் ஊராகப் படிகள் இருந்தன. உங்கள் தாத்தாவின் தாத்தா யாருக்கு என்ன மருந்து கொடுத்தார், வயல் எவ்வளவுக்கு ஒற்றிக்குப் போனது என்பதற்கு வேறு படி கிடையாது. நம் ஊர்களின் வரலாற்றில் கல்வெட்டு சொல்லாத பாதி இந்த மாதிரிக் கட்டுகளில்தான் இருக்கிறது.

கொடுக்க நினைத்தால் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் சுவடித்துறை இருக்கிறது. சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகமும் உண்டு. கொடுக்க மனம் வரவில்லையா, மின்படி மட்டும் எடுத்துக்கொண்டு ஏட்டைத் திருப்பித் தர முடியுமா என்று கேளுங்கள். எதுவானாலும் எத்தனை கட்டு, எத்தனை ஓலை என்று எழுதிக் கையெழுத்து வாங்காமல் கைவிட்டுக் கொடுக்காதீர்கள்.

வசம்புக்கட்டி:
நான் சித்த மருத்துவர். ஏட்டை வாசித்துவிட்டு நீங்களாக எந்த மருந்தும் செய்து பார்க்காதீர்கள். சித்தர் பரிபாஷையில் ஒரு பெயர் சொல்லி வேறொரு சரக்கைக் குறிப்பது சாதாரணம். பாஷாணம், அதாவது நச்சுச் சரக்கு, சேர்ந்த மருந்து என்றால் உயிருக்கே ஆபத்து. மற்றபடி வைத்திய ஏடுதானே என்று குறைவாக எண்ணவேண்டாம். சென்னை ஆசியவியல் நிறுவனத்தில் உள்ள தமிழ் மருத்துவச் சுவடிகள் 1997-லேயே யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றவை.

பொருநைக்கரையான்:
எல்லாருக்கும் நன்றி. ஏடெழுதி அக்கா எழுதியதைப் பெரியப்பாவுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, அப்போ படி எடு. எடுத்ததும் எனக்கும் ஒன்று வேண்டும்" என்றார்.

டார்ச் அடித்து எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். சட்டம் போட்ட கட்டின் கடைசி ஓலை. "கொல்லம் ௲௨௰ ௵ குரோதி ௵ தை ௴ ௰௮ ௳" என்று எழுத்துக்கூட்டி வரைந்து பார்த்தேன். பிறகு ஒரு சொல். "பரல்" என்றும் படிக்கலாம், "பால்" என்றும் படிக்கலாம் போலிருக்கிறது.

ஏடெழுதி:
அருமையாக எடுத்திருக்கிறீர்கள் தம்பி! ௵ வருஷம், ௴ மாசம், ௳ தேதி. ௲ ஆயிரம், ௨௰ இருபது. கொல்லம் என்பது கேரளத்திலும் நெல்லைப் பக்கமும் வழங்கிய ஆண்டுக் கணக்கு. ஆக, கொல்லம் 1020, தை 18. ஆங்கில வருஷம் காண, தை மாசம் என்பதால் 825 கூட்டவேண்டும், 1845 வருகிறது, ஜனவரி கடைசி. குரோதி வருஷமும் பொருந்துகிறது. 2024-ல் பிறந்ததும் குரோதிதான், மூன்று அறுபது பின்னால் போனால் 1844. இரண்டு கணக்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் தேதியை நம்பலாம்.

"பரல், பால்" தடுமாற்றம் எல்லாருக்கும் வரும். ஏட்டில் புள்ளி வைக்கமாட்டார்கள், காலும் ரகரமும் ஒரே வடிவம். கொடி, கோடி இரண்டையும் ஒன்றுபோலத்தான் எழுதுவார்கள். முன்பின் வரியைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். இங்கே அடுத்த சொல் "விட்டு", அதற்கடுத்தது "அரைத்து". அதனால் பால்தான். தேதி போட்ட பிறகு விட்டுப்போன மருந்து ஒன்றைக் கீழே சேர்த்திருக்கிறார்.

ஓலையின் வலது ஓரம் படத்தில் வெட்டுப்பட்டுவிட்டது. எழுதியவர் பெயரும், யாருக்காக எழுதினார் என்பதும் அங்கேதான் இருக்கவேண்டும். துளைக்கு அந்தப் பக்கம் முழுதும் விழுகிற மாதிரி இன்னொரு படம் போடுங்கள். பெரியப்பாவிடம் வீட்டுப் பழைய பெயர்களையும் கேட்டு வையுங்கள்.