பொருள்: டிசம்பரில் வருவது சாமி ஞாபகமா, ஊர் ஞாபகமா?

அன்புள்ள கன்னியாகுமரி மாவட்டத்து ஊர்க்காரர்களுக்கு,

பண்டிகைக் காலம் வந்தால் மனசு கடவுள் பக்கம் திரும்புகிறதா, இல்லை லீவும் சாப்பாடும்தானா என்று மஸ்கட் அண்ணன் நம் குழுவில் கேட்டிருந்தார். வந்த பதில்களை ஒன்று விடாமல் வாசித்தேன். கேரல் ரவுண்ட்ஸ், குடில் போட்டி, ராத்திரி கட்டன் சாயா, விடிந்ததும் ஆப்பமும் கோழிக்கறியும், முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு. வாசித்து முடிப்பதற்குள் எனக்குப் பசி வந்துவிட்டது. ஆனால் அண்ணன் கேட்டதற்கு யாரும் பதில் சொன்ன மாதிரி இல்லை. எல்லாரும் ஊரைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள்.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன், கோபப்படக் கூடாது. டிசம்பரில் நம்மைப் பிடித்து ஆட்டுவது பெரும்பாலும் ஊர் ஏக்கம். அதற்கு நாமே பக்தி என்று பேர் வைத்துக்கொள்கிறோம்.

நான் பிறந்த வீடு சி.எஸ்.ஐ., அதாவது சீர்திருத்த சபை; வாழ்க்கைப்பட்ட வீடு ஆர்.சி., அதாவது கத்தோலிக்கம். அதனால் இரண்டு பக்கத்துப் பண்டிகையும் எனக்குத் தெரியும், இரண்டு பக்கமும் திட்டும் வாங்கியிருக்கிறேன். இங்கே இங்கிலாந்தில் நர்ஸ் வேலை. பெரும்பாலும் 24ஆம் தேதி ராத்திரி டியூட்டிதான். மறுநாள் வீடு திரும்புவதே பெரும்பாடு. 25ஆம் தேதி இந்த நாட்டில் ரயில் ஓடாது, லண்டனில் பாதாள ரயிலும் கிடையாது. கடை அடைப்பு, தெருவில் ஆள் கிடையாது. நம்ம ஊரில் அன்றைக்குக் கதவு சாத்திய வீடு ஒன்றைக் காட்ட முடியுமா? இங்கே எல்லாக் கதவும் சாத்தித்தான் கிடக்கும். யோசிக்க வேண்டும் என்றால் இதைவிட நல்ல நாள் கிடைக்காது. ஆனால் டியூட்டி ராத்திரி வார்டில் உட்கார்ந்து நான் ஜெபிப்பது என்ன? அம்மாவின் முட்டுவலி, தம்பியின் வேலை, அடுத்த வருஷமாவது ஊரில் இருக்க லீவு. இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இது லீவு விண்ணப்பம் மாதிரிதான் இருக்கிறது. மேலதிகாரிக்குப் பதிலாக ஆண்டவருக்குப் போகிறது, அவ்வளவுதான்.

பண்டிகை வந்தாலே பக்தி வந்துவிடும் என்று நம்பாதவர்கள் சபைக்குள்ளேயே இருந்திருக்கிறார்கள். 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததில் ஆரம்பித்து, நம்ம பக்கத்துச் சீர்திருத்த சபைகளை வளர்த்தது லண்டன் மிஷனரி சங்கம். அதில் பெரும்பங்கு காங்கிரிகேஷனல் சபையார். அவர்கள், சபையைச் சடங்குகளிலிருந்து சுத்தப்படுத்த வேண்டும் என்ற பியூரிட்டன் வழியில் வந்தவர்கள். அந்த பியூரிட்டன்கள் கை ஓங்கியிருந்த காலத்தில், 1647இல், இங்கிலாந்துப் பாராளுமன்றம் கிறிஸ்துமஸ் பண்டிகையையே சட்டம் போட்டு ஒழித்தது. வேதத்தில் இப்படி ஒரு நாள் சொல்லப்படவில்லை, ஜனங்கள் குடிக்கவும் சூதாடவும்தான் இதை வைத்திருக்கிறார்கள் என்பது அவர்கள் கட்சி. 1660இல் ராஜா திரும்பி வந்ததும் பண்டிகையும் திரும்பி வந்துவிட்டது. அவர்கள் வழியில் வந்தவர்களின் சபையில் இன்றைக்கு நாம் ஸ்டார் போட்டியும் கேக் குலுக்கலும் நடத்துகிறோம்! பியூரிட்டன்கள் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. சந்தோஷப்படும் ஜனங்களைக் கண்டால் ஆகாத ஆட்கள் எந்த சபையிலும் உண்டு. ஆனால் அவர்கள் கண்ட சிக்கல் பொய் இல்லை. கொண்டாட்டத்துக்கு நடுவில் யாராலும் யோசிக்க முடியாது. யோசிப்பதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

பழைய ஆட்களுக்கு இது தெரிந்திருந்தது. 2011 கணக்குப்படி நம்ம மாவட்டத்தில் இந்துக்கள் 49 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு, கிறிஸ்தவர்கள் 47 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆக ஒரு பாதி ஜனம் எப்படித் தன்னை ஆயத்தப்படுத்துகிறது என்பதை மற்றப் பாதி வாசலில் நின்றே பார்க்கலாம். கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டால் மண்டல விரதம் 41 நாள். மீன் கிடையாது, செருப்பு கிடையாது, வாயில் கெட்ட வார்த்தை வரக் கூடாது. மற்ற நாளில் சந்தையில் கத்துகிற ஆளை எதிரே வருகிறவன் “சாமி” என்று கூப்பிடுவான், அவரும் அதற்குத் தக்கபடி நடந்துகொள்ள வேண்டும். மண்டலம் முடிவதற்குள் மார்கழி பிறந்துவிடும். விடியுமுன் குளித்துவிட்டுத் திருவெம்பாவை பாடப் போகும் பிள்ளைகளும், அதே நேரத்தில் கேரல் முடிந்து தொண்டை கட்டித் திரும்பும் எங்கள் பிள்ளைகளும் முக்கில் சந்தித்துக்கொள்வார்கள். தக்கலையிலும் திருவிதாங்கோட்டிலும் இருக்கும் நம்ம முஸ்லிம் சொக்காரர்களுக்கு ரம்ஜான் நோன்பு மாதம் உண்டு. கடைசிப் பத்து நாள் பள்ளிவாசலிலேயே தங்கிவிடுகிறவர்களும் உண்டு. பெருநாள் அதற்கு அப்புறம்தான்.

எங்களுக்கும் அப்படி ஒன்று உண்டு, ஆனால் அதை நாங்களே தின்றுவிட்டோம். கிறிஸ்துமஸுக்கு முன் வரும் திருவருகைக் காலம், நான்கு ஞாயிறு. பீடத்தில் ஊதாத் துணி. தவக்காலத்துக்கும் அதே ஊதாதான். முதல் ஞாயிறு வாசகத்தில் தொழுவமும் கிடையாது, மேய்ப்பர்களும் கிடையாது. முடிவு வரும், விழித்திருங்கள் என்கிற மிரட்டல்தான். பாலன் இயேசு பக்கம் பேச்சு திரும்புவது கடைசி நாட்களில். அப்படியானால் டிசம்பர் முழுக்க நாம் என்ன செய்கிறோம்? 3ஆம் தேதி கோட்டாறு சவேரியார் திருவிழா முடிந்த கையோடு ஸ்டார் ஏறிவிடும். அப்புறம் ஒவ்வொரு சனி ஞாயிறும் ஒரு கிறிஸ்துமஸ் விழா. அலுவலகத்தில் ஒன்று, பள்ளியில் ஒன்று, வாலிபர் சங்கத்தில் ஒன்று, நம்ம ஊர்ச் சங்கத்தில் ஒன்று. 25ஆம் தேதி நிஜமாகவே பண்டிகை வரும்போது எல்லாருக்கும் கேக் திகட்டிவிட்டது. 26ஆம் தேதி குடிலைப் பிரித்துப் பெட்டியில் போட்டாயிற்று. சபைக் கணக்கில் பண்டிகை ஆரம்பித்தே ஒரு நாள்தான் ஆகியிருக்கும்.

இந்த இடத்தில் சுசீந்திரத்துக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். அங்கே தாணுமாலயன் கோவிலில் மார்கழித் திருவிழா மூன்றாம் நாள் மக்கள்மார் சந்திப்பு. கோட்டாற்றிலிருந்து பிள்ளையாரும், வேளிமலையிலிருந்தும் மருங்கூரிலிருந்தும் முருகனும் அம்மையப்பனைப் பார்க்க வருவார்கள். ஒன்பதாம் நாள் தேர் ஓடி, ராத்திரி சப்தாவர்ணம் என்கிற சடங்கு முடிந்தால் பிள்ளைகள் விடைபெற்றுத் தங்கள் ஊருக்குப் போக வேண்டும். அந்த நேரத்துக்குக் கூடுகிற கூட்டம் உங்களுக்குத் தெரியும். வருஷா வருஷம் நாகர்கோவில் ஜங்ஷனில் நம்ம வீட்டு அம்மாமார் அழுது நம்மை வழியனுப்புவதைப் போலத்தான் அங்கே சாமியை வழியனுப்புகிறார்கள். அப்படியானால் ஊர் ஏக்கமும் பக்தியும் வேறு வேறு என்று நீ எப்படிச் சொல்லலாம் என்று கேட்டால், நியாயமான கேள்விதான். பிரிவைத் திருவிழாவாக்கிய ஊர் நம்முடையது. ஆனால் அங்கேயும் பாருங்கள், அழுகை சாமியை முன்னால் வைத்து. வெளிநாட்டில் நாம் அழுவது முறுக்கை முன்னால் வைத்து.

அய்யா வைகுண்டரை வழிபடும் அய்யா வழிக்காரர்கள் விஷயத்தை இன்னும் நேராகச் செய்துவிட்டார்கள். அவர்கள் தலைமைப்பதியான சாமிதோப்பில் சிலை கிடையாது, கண்ணாடி உண்டு. போய் நின்றால் உன் முகம்தான் தெரியும். அவர்கள் பெரிய நாள் மாசி 20, டிசம்பருக்குச் சம்பந்தமில்லை. இருந்தாலும் சொல்லத் தோன்றியது.

சரி, பண்டிகைக் காலத்தில் நம்ம ஜில்லாவே ஒட்டுமொத்தமாகக் கடவுளைப் பற்றி யோசித்த சமயம் என்று எனக்குத் தெரிந்து இரண்டு உண்டு. இரண்டும் பண்டிகையால் வந்தது இல்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிறு. ஆர்.சி. நாட்காட்டியில் அன்றைக்குத் திருக்குடும்பத் திருநாள். அன்று காலையில்தான் கொட்டில்பாட்டிலும் குளச்சலிலும் மணக்குடியிலும் கடல் குடும்பம் குடும்பமாக எடுத்துக்கொண்டு போனது. மணக்குடிப் பாலமே பெயர்ந்து போனது. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத மாட்டேன். நம் குழுவில் அதை நேரில் பட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் எழுதினால் எழுதட்டும்.

மற்றது ஒக்கி புயல். 2017 நவம்பர் 30. அது பெலவேந்திரர், அதாவது அப்போஸ்தலர் அந்திரேயா, திருநாள், அவரும் மீன்பிடிக்காரர்தான். ஆழ்கடலில் தங்கி மீன் பிடிக்கிற தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்து ஆட்கள் கடலில் இருந்தார்கள். என்னோடு வேலை பார்க்கிற பிள்ளை ஒருத்திக்கு அந்தப் பக்கம். அவள் மாமன் போன போட்டிலிருந்து தகவல் இல்லை. மூன்று நாள் கழித்து, டிசம்பர் 3, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அன்றைக்கு உலகம் முழுக்க ஆர்.சி. கோவில்களில் வாசித்தது மாற்கு நற்செய்தி 13ஆம் அதிகாரம். வீட்டுத் தலைவர் எப்போது வருவார் என்று தெரியாது, சாயங்காலமோ, நடுராத்திரியோ, கோழி கூவும்போதோ, விடியும்போதோ, அதனால் விழித்திருங்கள் என்று வரும் பகுதி. அவர்கள் ஊரில் பெண்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். வீட்டுத் தலைவர் எப்போது வருவார் என்று கடற்கரையில் விழித்திருந்தார்கள். இவளும் இங்கே பூசைக்குப் போனாள். வாசகத்தைக் கேட்டதும் எழுந்து வெளியே வந்துவிட்டாளாம். “அதை எங்க ஊர்ல யாராவது வாசிக்க முடியுமாக்கா?” என்று என்னிடம் கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருஷம் அங்கே பல வீடுகளில் ஸ்டார் தொங்கவில்லை. அவள் அதற்கப்புறம் சில காலம் கோவில் பக்கமே போகவில்லை, பிறகு போக ஆரம்பித்தாள். ஏன் நின்றாள், ஏன் போனாள் என்று நான் கேட்கவில்லை. மஸ்கட் அண்ணன் கேட்கிற யோசனை அவளுக்கு நடந்தது என்று மட்டும் தெரியும். அதுவும் பண்டிகை இல்லாத டிசம்பரில்.

இதற்காக எல்லாரும் கஷ்டப்பட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. கஷ்டம் வராமலே யோசிப்பதற்குப் பெரியவர்கள் சில ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். ஆர்.சி.யில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தன வரிசை. நான் கல்யாணமாகி வந்த புதிதில் அதைப் பார்த்துப் பயந்துவிட்டேன். பக்கத்துப் பங்குகளிலிருந்தும் சாமியார்கள் வந்து கோவிலில் மூலைக்கு ஒருவராக உட்கார்ந்திருப்பார்கள், வரிசை வாசல் வரை நிற்கும். எனக்கு இந்த ஏற்பாட்டில் பிடித்தது, அங்கே போய் ஊர் ஏக்கத்தைச் சொல்ல முடியாது. சாமியாரே, எனக்கு ஆப்பம் ஞாபகம் வருகிறது என்றால் அடுத்த ஆளை வரச் சொல்லிவிடுவார். நீ என்ன செய்தாய், யாரோடு பேசாமல் இருக்கிறாய், யார் காணியில் வேலியைத் தள்ளிப் போட்டாய், அதுதான் பேச்சு.

சி.எஸ்.ஐ. பக்கம் 31ஆம் தேதி ராத்திரி ஆராதனை. வருஷம் முழுக்கக் கோவில் வாசல் மிதிக்காதவனும் அன்றைக்கு வந்து நிற்பான். பன்னிரண்டு மணிக்கு முன்னால் விளக்கை அணைத்து முழங்காலில் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு இன்றைக்கும் பெரிசு. அதற்கப்புறம் தட்டில் புது வருஷத்துக்கென்று வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை வரும், அதில்தான் எனக்கு மனத்தாங்கல். உன்னை உயர்த்துவேன், உன் எல்லையைப் பெரிதாக்குவேன், கடனில்லாமல் வாழ்வாய். வேதத்தில் இதுவும் இருக்கிறது, சரிதான். உங்கள் பண்டிகைகளே எனக்கு வேண்டாம், நியாயத்தைச் செய்யுங்கள் என்று ஆமோஸ் தீர்க்கதரிசி வாயால் ஆண்டவர் சொன்னதும் அதே வேதத்தில்தான் இருக்கிறது. அந்த அட்டை இதுவரை யார் கைக்கும் வந்து நான் பார்க்கவில்லை.

இப்போது கடிதத்தின் காரியத்துக்கு வருகிறேன். நம் சங்கத்தின் இங்கிலாந்து கிளை வழக்கமாக டிசம்பர் முதல் சனிக்கிழமை கிறிஸ்துமஸ் கூடுகை வைக்கிறது. இந்த வருஷம் அதை ஜனவரிக்கு, குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ராஜாக்கள் திருநாளை ஒட்டி வரும் சனிக்கிழமைக்கு மாற்றலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஹால் வாடகையும் அப்போது குறைவு. மண்டலம் முடிந்து மாலை கழற்றியவர்களும் வந்து கறி சாப்பிடலாம். போன வருஷம் இரண்டு அண்ணன்மார் சாம்பாரோடு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஊருக்குப் போனவர்கள் பலகாரத்தோடு திரும்பியிருப்பார்கள், நாம் இங்கே மைதாவை வைத்து மல்லுக்கட்ட வேண்டாம். பிள்ளைகள் கேரல் பாட ஆசைப்பட்டால் பாடட்டும், சபைக் கணக்கில் அப்போதுதான் அது பொருத்தம்.

டிசம்பரில் கூடினால்தான் கிறிஸ்துமஸ் மாதிரி இருக்கும் என்று செயலாளர் தம்பி சொல்வார். அவருக்கும் மற்றவர்களுக்கும் மறுப்பு இருந்தால் இந்த ஞாயிற்றுக்குள் இங்கேயே எழுதுங்கள், எனக்குத் தனியாக போன் போட்டுச் சொல்ல வேண்டாம். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் ஹால் முன்பணத்துக்கு முன் கட்டிவிடுங்கள். அப்புறம் ஒன்று, தேதி எதுவானாலும் நூறு பேருக்கு ஆப்பமாவு கரைக்கிற வேலையைக் கடைசி நாளில் என் தலையில் கட்டக் கூடாது. மாவு பொங்க ஒரு ராத்திரி வேண்டும், இந்தக் குளிரில் அதுவும் போதாது.

அன்புடன்,
உங்கள் நர்ஸ் அக்கா