மறு: ரின்ஸ் செய்வதற்குத் தமிழில் என்ன? 'முன்னலசல்' என்கிறேன்

எல்லோருக்கும் வணக்கம்.

வேதியியல் ஆய்வகத்தில் 'ரின்ஸ்' செய்வதற்குத் தமிழில் என்ன சொல் என்று கேட்டுத் தொடங்கிய நம் மடல் இழை நீண்டுகொண்டே போகிறது, அதனால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரம் பார்த்தலில் (ஒரு கரைசலை இன்னொன்றில் துளித்துளியாகச் சேர்த்துச் செறிவைக் கண்டுபிடிக்கும் 'டைட்ரேஷன்') பியூரெட்டையும் (அடியில் அடைப்பான் உள்ள அளவுக் குழாய்) பிப்பெட்டையும் (குறித்த அளவு கரைசலை உறிஞ்சி எடுக்கும் குழாய்) அவற்றில் எடுக்கப்போகும் கரைசலாலேயே நனைத்துக் கீழே கொட்டுகிறோமே, அதற்கு 'முன்னலசல்' என்று வைக்கலாம். எடை போட்ட உப்பை முகவையில் (பீக்கரில்) கரைத்துத் திட்ட அளவுக் குடுவையில் ஊற்றிய பிறகு, முகவையில் ஒட்டியிருப்பதையும் வாலை வடிநீர் (காய்ச்சி வடித்த தூய நீர்) விட்டு அதே குடுவையில் சேர்க்கிறோமே, அதற்கு 'அலசிச் சேர்த்தல்'. வெறும் நீரால் சுத்தம் செய்வது எப்போதும்போல 'கழுவுதல்'.

மூன்றும் வேறு வேறு வேலைகள். ஆனால் எங்கள் பள்ளியில் புழங்கும் செய்முறைக் கையேட்டில் மூன்றுக்கும் 'கழுவுக' என்றே இருக்கிறது. பிள்ளைகளும் அதைச் சொன்னபடியே செய்கிறார்கள். குழாயடியில் பியூரெட்டைக் கழுவி, தலைகீழாக ஒரு உதறு உதறி, சொட்டச் சொட்டக் கொண்டுவந்து தாங்கியில் மாட்டி உடனே கரைசலை ஊற்றிவிடுகிறார்கள். இன்னொரு பையன் கூம்புக் குடுவையையும் கரைசலால் நனைத்துக் கொட்டுகிறான், ஏனென்றால் பியூரெட்டுக்கு அப்படிச் செய்யச் சொன்னோமே, இதற்கும் அதுதானே என்று. கேட்டால் இருவருமே 'கழுவிட்டேன் சார்' என்பார்கள். இருவர் சொல்வதும் உண்மைதான், நாம் கொடுத்த சொல்லில்தான் கோளாறு.

இதெல்லாம் சின்ன விஷயம், இதற்குத் தனிச்சொல் வேண்டுமா என்று இரண்டு மடல்களுக்கு முன்னால் ஐயா ஒருவர் கேட்டிருந்தார். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 மி.லி. பியூரெட்டின் உட்சுவரிலும் முனையிலும் அரை மி.லி. நீர் தங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.1 நார்மல் கரைசலை ஊற்றி நிரப்பினால் ('நார்மல்' என்பது செறிவைச் சொல்லும் அலகு) அது 0.099 ஆகிவிடும். 20.0 மி.லி.யில் முடிய வேண்டிய தரம் பார்த்தல் 20.2-இல் முடியும். மறுபடி சுழி வரை நிரப்பிச் செய்தால், உள்ளே நன்றாகக் கலந்துவிட்டது என்று கொண்டால், அடுத்த அளவீடு ஏறத்தாழ 20.1, அதற்கடுத்ததும் 20.1 என்றே பதிவாகும். பையன் என்ன செய்வான்? முதல் அளவீட்டைத் தள்ளிவிட்டு '20.1, 20.1, ஒத்த அளவீடு கிடைத்துவிட்டது' என்று வட்டம் போடுவான். தவறான எண் ஒத்த அளவீடாக வந்து உட்கார்ந்துகொள்ளும், திரும்பத் திரும்பச் செய்தாலும் அது சந்தேகம் தராது. எப்போதாவது கை தவறி வரும் பிழைகளை மூன்று முறை செய்து கண்டுபிடிக்கலாம், இதை அப்படிப் பிடிக்க முடியாது. அதனால்தான் இதற்கு ஒரு பெயர் வேண்டும் என்று இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன்.

கூம்புக் குடுவையில் நிலைமை நேர் எதிர். அதில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பதை 20 மி.லி. பிப்பெட் முடிவுசெய்துவிட்டது. உள்ளே ஏற்கெனவே கொஞ்சம் வடிநீர் இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. சுவரில் தெறித்த துளியை இடையில் நீர் விட்டு இறக்கிவிட்டாலும் தப்பில்லை. ஆனால் பிப்பெட்டில் எடுக்கும் அதே கரைசலால் நனைத்துக் கொட்டியிருந்தால், ஒட்டிக்கொண்டிருப்பது 0.3 மி.லி. என்று வைத்துக்கொண்டால், அதுவும் கணக்கில் ஏறிவிடும். 20-க்கு 0.3 என்றால் நூற்றுக்கு ஒன்றரை. ஆக, பியூரெட்டுக்குக் கட்டாயமான வேலை குடுவைக்குக் கூடாத வேலை. 'குடுவையைக் கழுவலாம், முன்னலசக் கூடாது' என்று ஒரே வரியில் சொல்ல முடிகிறதா, பாருங்கள். இன்றைய கையேட்டுத் தமிழில் இதைச் சொல்ல நான்கு வரி வேண்டும்.

சரி, ஏன் 'அலசு'? துணியைச் சோப்பு போட்டுத் துவைப்பது ஒரு வேலை, அதன் பிறகு நல்ல தண்ணீரில் முக்கி எடுப்பது வேறு வேலை என்பதைத் தமிழ் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது. அழுக்கு போன பிறகு, முன்பிருந்த நீரை விரட்டப் புது நீரை விடுவதுதான் அலசுவது. பியூரெட்டில் நடப்பதும் அதுவே: கண்ணாடி ஏற்கெனவே சுத்தம், அதில் தங்கிய நீரைக் கரைசல் விரட்டுகிறது. 'முன்' என்று சேர்ப்பது, அளவை தொடங்குவதற்கு முன் செய்வது என்பதற்காக. முன் + அலசு சேர்ந்தால் ஒற்று இரட்டித்து இயல்பாகவே முன்னலசு என்று வருகிறது. பெயராகவும் ஏவலாகவும் புழங்கும்: முன்னலசல், முன்னலசுக, முன்னலசிய பியூரெட்.

இழையில் வந்த மற்ற சொற்களையும் யோசித்தேன். 'கரைசற்கழுவல்' பொருளில் சரி, ஆனால் 'கழுவு' திரும்பவும் உள்ளே வந்துவிடுகிறது, நாம் ஓட நினைப்பதே அதிலிருந்துதான். 'நனைப்பு' பாதி வேலையைத்தான் சொல்கிறது, கொட்டுவதைச் சொல்லவில்லை. 'தன்னலசல்' எனக்கும் பிடித்திருந்தது, தனக்குரிய கரைசலால் அலசுவது என்ற பொருள் அழகாக இருக்கிறது, ஆனால் வகுப்பில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், தன்னலம் என்றே காதில் விழும். 'அலசல்' என்றால் ஆராய்ந்து பேசுவது, பத்திரிகைகளில் தேர்தல் அலசல் என்று வருகிறதே என்றவருக்கு: தனி ஊசலைப் பாடமாக எடுக்கும்போது எந்தப் பிள்ளையும் கோயில் ஊஞ்சலை நினைத்துத் தடுமாறுவதில்லை. ஒரு சொல் ஆய்வகத்துக்குள் வந்தால் ஆய்வகப் பொருளை எடுத்துக்கொள்ளும்.

'ரின்ஸ் என்றே விட்டுவிடலாம், பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள்' என்பது கொஞ்சம் கனமான வாதம். கருவிகளின் பெயர் விஷயத்தில் நான் அந்தப் பக்கம்தான். இலங்கைப் பாடநூல்களில் பியூரெட் அளவி, பிப்பெட் குழாயி, அங்கே அவை நன்றாக வேரூன்றிவிட்டன. இங்கே அளவி என்றால் இயற்பியல் ஆய்வகத்தின் திருகு அளவியும் வெர்னியர் அளவியும்தான் நினைவுக்கு வரும், எனவே இங்கே பியூரெட் பியூரெட்டாகவே இருக்கட்டும். கண்ணெதிரே மேசையில் நிற்கும் பொருளுக்கு எந்தப் பெயரும் ஒட்டும். கை செய்யும் வேலைக்கு அப்படி இல்லை. ரின்ஸ், வாஷ் இரண்டையும் எங்கள் பிள்ளைகள் ஒரே பொருளில்தான் சொல்கிறார்கள், அதனால் ஆங்கிலச் சொல்லை வைத்தாலும் நாம் தேடும் வேறுபாடு கிடைப்பதில்லை. வினைக்கு வீட்டுச் சொல்லே வேண்டும்.

'அலசிச் சேர்த்தல்' பற்றி யாரும் இன்னும் பேசவில்லை, எனக்கு அதுதான் இன்னும் முக்கியமாகப் படுகிறது. 250 மி.லி. 0.1 நார்மல் ஆக்சாலிக் அமிலக் கரைசல் தயாரிக்க 1.575 கிராம் படிகத்தை எடை போடுகிறோம். மூன்றாவது தசம இடம் வரை பார்த்து எடை போட்டுவிட்டு, முகவையின் அடியிலும் புனலின் கழுத்திலும் ஒட்டியிருப்பதைத் தொட்டியில் ஊற்றினால் அந்த எடைக்கு என்ன மரியாதை? மிக்ஸி ஜாரில் அரைத்த தேங்காயை வழித்துப் போட்டபின் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் குழம்பிலேயே ஊற்றுகிறார்களே, அதே செயல்தான் இது, பிள்ளைகளுக்கு ஒரு முறை இப்படிச் சொன்னால் போதும். அந்த நீருக்கும் ஒரு பெயர் வேண்டியிருக்கிறது. கழுநீர் போல 'அலசுநீர்' எனலாம், குடிநீர், சுடுநீர் மாதிரி இயல்பான வினைத்தொகை. 'அலசுநீரையும் குடுவையிலேயே சேர்க்கவும்.' முன்னலசலில் அலசிய திரவம் வெளியே போக வேண்டும், இங்கே உள்ளே போக வேண்டும்.

சொல்லை மட்டும் கொடுத்தால் நிற்காது, கூடவே ஒரு செயல்பாடும் வேண்டும். இரண்டு சொல்கிறேன், செலவு இல்லாதவை. முதலாவது, உலர்ந்த கூம்புக் குடுவையை மின்னணுத் தராசில் எடை பார்த்து, நீர் நிரப்பிக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு மறுபடி எடை பார்க்கச் சொல்லுங்கள். கூடிய எடைதான் சுவரில் ஒட்டிய நீர், ஒரு கிராமுக்கு ஒரு மி.லி. என்று அவர்களே மாற்றிக்கொள்ளலாம். 'ஒட்டியிருப்பது' அப்போது அவர்கள் நோட்டில் ஓர் எண்ணாகிவிடும். இரண்டாவது, பியூரெட்டை நீரால் கழுவி, முனையில் நீர் நிற்கும்படியே பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலை ஊற்றுங்கள். அடைப்பானைத் திறந்ததும் முதல் சில துளிகள் நிறமில்லாமலோ வெளிர்ந்தோ விழும், பிறகுதான் அடர்ஊதா வரும். வெள்ளைப் பீங்கான் ஓட்டில் பிடித்தால் கடைசி இருக்கையிலிருந்தும் தெரியும். இதைச் செய்வதற்கு முன்னால் 'முதல் துளி என்ன நிறத்தில் விழும்?' என்று கேட்டு எழுத வைத்துவிடுங்கள். பெரும்பாலானவர்கள் ஊதா என்றுதான் எழுதுவார்கள், அப்புறம் நீங்கள் எதையும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

கையேட்டில் போட வேண்டிய வரைவை இப்படி எழுதியிருக்கிறேன், வெட்டித் திருத்துங்கள்:

"பியூரெட்டை நீராலும் பின்னர் வாலை வடிநீராலும் கழுவுக. அதில் நிரப்பவிருக்கும் கரைசலில் சுமார் 5 மி.லி. ஊற்றி, சாய்த்து உருட்டிச் சுவர் முழுதும் படச்செய்து, முனை வழியாக வெளியேற்றி முன்னலசுக. மீண்டும் ஒருமுறை செய்க. பிப்பெட்டையும் அதற்குரிய கரைசலால் முன்னலசுக. கூம்புக் குடுவையை வாலை வடிநீரால் கழுவினால் போதும், முன்னலசக் கூடாது."

'சாய்த்து உருட்டி' என்பதை யாரும் எடுத்துவிட வேண்டாம். செங்குத்தாகப் பிடித்து ஊற்றினால் கரைசல் ஒரு பக்கமாக வழிந்து இறங்கிவிடும், மற்ற பக்கத்து நீர் அப்படியே இருக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய டீச்சருக்கு ஒரு கேள்வி: நியமிப்பு (நாங்கள் தரம் பார்த்தல் என்பது) செய்யும்போது உங்கள் ஆய்வுகூடத்தில் இந்த வேலையை வாயால் எப்படிச் சொல்கிறீர்கள்? உங்கள் பக்கம் 'அலசு' இந்தப் பொருளில் புழங்காவிட்டால் சொல்லுங்கள், பொதுச்சொல்லாக முன்வைக்கும் முன் அது தெரிந்தாக வேண்டும்.